ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆதாரம்: வேலைக்கான தன்விவரக் குறிப்பு எழுதும் முறை

கல்விக் கடன் பெற்றுப் பட்டப்படிப்பை முடிக்கும் மாணவருக்குப் பொதுவாக ஓராண்டு அவகாசம் உண்டு. படிப்புக் காலமும் அதனை அடுத்து வரும் அந்த ஓராண்டும் கழிந்த பின்னரே மாதத் தவணை தொடங்கும். ஆயினும், அரசின் வட்டி மானியத்துக்குத் தகுதியுடையோர் தவிர ஏனையோருக்கு, கடன் தொகை வழங்கப்பட்ட நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படுகிறது. எனவே, படித்து முடித்த மகனோ மகளோ வேலை தேடிக் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் குடும்பத்தின் வரவு செலவோடு நேரடியாகத் தொடர்புடையது.

அந்தத் தேடலில் நிறுவனத்தின் கைக்கு முதலில் சென்று சேர்வது தன்விவரக் குறிப்பு. தேர்வாளர் உங்கள் குரலைக் கேட்பதற்கு முன்பே அந்த ஓரிரு பக்கங்கள் உங்கள் சார்பில் பேசிவிடுகின்றன. நல்ல தகுதியுள்ள பலர் நேர்காணலுக்கு அழைக்கப்படாமற் போவதற்கு, தகுதியைச் சொல்லத் தெரியாமையும் ஒரு காரணமாகிறது. சொல்லும் முறை கற்றுக்கொள்ளக் கூடியதே. வங்கி வாடிக்கையாளர்களாகிய உங்களுக்கு அதன் அடிப்படை விதி புதியதும் அன்று. கணக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு பதிவிலும் தேதி, தொகை, விவரம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. கேட்டால் காட்டுவதற்கு ஆதாரமும் இருக்கிறது. தன்விவரக் குறிப்பின் ஒவ்வொரு வரியும் அவ்வாறே அமைய வேண்டும்.

பெயர்கள் மூன்று

நம் நாட்டில் பயோடேட்டா, ரெஸ்யூம், சி.வி. ஆகிய மூன்று சொற்களையும் ஒரே பொருளில் வழங்குகிறோம். இவற்றிடையே சிறு வேறுபாடு உண்டு. பயோடேட்டா என்பது பிறந்த தேதி, பெற்றோர் பெயர், மதம், திருமண நிலை போன்ற சொந்த விவரங்களை முன்னிறுத்துவது. திருமணப் பேச்சுக்குக் கொடுக்கும் தாளுக்கும் நாம் இதே பெயரைத் தருகிறோம் என்பதிலிருந்தே அதன் இயல்பு விளங்கும். ரெஸ்யூம் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சுருக்கம் என்று பொருள். ஒரு குறிப்பிட்ட வேலைக்குத் தேவையானவற்றை மட்டும் ஓரிரு பக்கங்களில் தருவது அது. சி.வி. என்பதன் விரிவான கரிகுலம் வீட்டே என்னும் இலத்தீன் தொடர் வாழ்க்கையின் போக்கைக் குறிக்கிறது. ஆசிரியப் பணி, ஆராய்ச்சிப் பணி ஆகியவற்றுக்குக் கட்டுரைகள், கருத்தரங்குகள், திட்டங்கள் என அனைத்தையும் நிரல்படுத்தும் நீண்ட ஆவணம் அது.

தனியார் நிறுவனங்கள் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் பெரும்பாலும் எதிர்பார்ப்பது சுருக்கமான குறிப்பையே. படித்து முடித்தவுடன் விண்ணப்பிப்பவருக்கு ஒரு பக்கம் போதும். பல ஆண்டுப் பணி அனுபவம் உடையவருக்கு இரண்டு பக்கங்கள் போதும். அரசுப் பணிகளும் வங்கித் தேர்வுகளும் வேறு வகை. அங்கே குறிப்பிட்ட படிவம் உண்டு. அதில் கேட்கப்பட்டவற்றைக் கேட்கப்பட்ட வரிசையிலேயே நிரப்ப வேண்டும். இக்கட்டுரை, படிவம் ஏதும் தராமல் உங்கள் விவரங்களை அனுப்புமாறு கேட்கும் வேலைகளைப் பற்றியது.

எழுதும் முன் விளம்பரத்தைப் படியுங்கள்

1482ஆம் ஆண்டு வாக்கில், முப்பது வயதை எட்டிய ஓவியர் லியொனார்டோ டா வின்சி, மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை நாடி எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் கிடைக்கிறது. அக்காலத்தில் மிலான் போர் அச்சத்தில் இருந்த நகரம். எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று தாம் செய்யக் கூடியவற்றை அவர் எண்ணிட்டு வரிசைப்படுத்தினார். இன்று உலகம் அவரை அறிந்துள்ள ஓவியக் கலையைப் பற்றிக் கடிதத்தின் இறுதிப் பகுதியில்தான் ஓரிரு சொற்கள் எழுதினார். இவற்றுள் எதுவும் இயலாதது எனத் தோன்றினால், ஸ்ஃபோர்சா விரும்பும் இடத்தில் செய்து காட்ட ஆயத்தமாக இருப்பதாகவும் கூறி முடித்தார். வேலை தருபவரின் தேவையை முதலில் வைத்ததும், சொன்னதை மெய்ப்பிக்க முன்வந்ததும் அக்கடிதத்தில் நாம் கவனிக்க வேண்டிய இரண்டு கூறுகள்.

நம் காலத்துக்கு ஏற்ற எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். புணேயில் உள்ள ஒரு வாகன உதிரிபாக நிறுவனம் கணக்கு உதவியாளர் தேவை என்று விளம்பரம் செய்கிறது என்று கொள்வோம். வணிகவியல் பட்டம், டாலி, எக்செல் ஆகியவற்றில் பழக்கம், ஜிஎஸ்டி தாக்கலில் அனுபவம், இந்தி பேசும் திறன் ஆகியன கேட்கப்பட்டுள்ளன. ஒரு தாளை எடுத்து இந்த ஐந்தையும் இடப்பக்கம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதனை நீங்கள் எங்கே, எப்போது, எவ்வளவு செய்தீர்கள் என்று வலப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கத்தில் எழுந்தவையே உங்கள் குறிப்பின் மையப் பகுதி. எதிரே எழுத ஒன்றும் இல்லாத இடம், நேர்காணலுக்கு முன் நீங்கள் கற்க வேண்டியதைக் காட்டும். ஒரே குறிப்பை 50 நிறுவனங்களுக்கு அனுப்புவதைக் காட்டிலும், இவ்வாறு பொருத்தி எழுதிய குறிப்பை 10 நிறுவனங்களுக்கு அனுப்புவது பயன் தரும்.

பண்புகளை விடுத்துச் செயல்களை எழுதுங்கள்

“கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவாகப் பணியாற்றும் திறன் உடையவர், எதையும் விரைவில் கற்பவர்.” இவ்வரிகள் இல்லாத குறிப்பைக் காண்பது அரிது. எல்லோரும் எழுதுவதால் இவை எவரையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை; ஆதாரம் காட்ட இயலாததால் எவரும் இவற்றை நம்புவதும் இல்லை.

தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் ஆறு மாதம் பயின்ற பட்டதாரி தம் அனுபவத்தை முதலில் இவ்வாறு எழுதுகிறார்: “தணிக்கையாளர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி தொடர்பான வேலைகளைக் கவனித்தேன்.” கவனித்தேன் என்றால் என்ன செய்தார்? தாமே செய்தாரா, பிறர் செய்ததைப் பார்த்தாரா? படிப்பவருக்குத் தெரியாது. அதே அனுபவத்தை அவர் இவ்வாறு எழுதலாம்:

“பயிற்சி உதவியாளர், தணிக்கையாளர் அலுவலகம், 2024 ஜூன் முதல் நவம்பர் வரை. 14 சிறு வணிகர்களின் விற்பனை விலைப்பட்டியல்களை டாலியில் பதிந்தேன். ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கான விவரங்களைத் தயாரித்துத் தணிக்கையாளரின் சரிபார்ப்புக்குக் கொடுத்தேன். கொள்முதல் பதிவுகளை ஜிஎஸ்டிஆர்-2பி விவரத்துடன் எக்செல்லில் ஒப்பிட்டு, விடுபட்டிருந்த விலைப்பட்டியல்களை வணிகர்களுக்குத் தெரிவித்தேன்.”

இப்போது தேதி இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, செய்த செயல் இருக்கிறது. விளம்பரம் கேட்ட மூன்று தேவைகளுக்கு ஒரே பத்தியில் விடை கிடைத்துவிட்டது. சரிபார்ப்புக்குக் கொடுத்தேன் என்ற சொற்களையும் கவனியுங்கள். தம் பொறுப்பின் எல்லையை அவர் மறைக்கவில்லை. தாக்கல் முழுவதையும் தாமே செய்ததாக எழுதியிருந்தால், நேர்காணலின் இரண்டாம் கேள்வியிலேயே அந்த மிகை வெளிப்பட்டுவிடும்.

எண்களைத் தருவதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். எண்ணிக்கை நினைவில் இல்லையெனில் பழைய பதிவேட்டைப் பார்த்தோ, உடன் பணியாற்றியவரைக் கேட்டோ எழுதுங்கள். துல்லியமாக அறிய இயலாதபோது சுமார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இட்டுக்கட்டிய எண்ணைவிட எண் இல்லாத வரியே மேல்.

பகுதிகளும் வரிசையும்

முதலில் பெயர், ஊர், கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி. மின்னஞ்சல் உங்கள் பெயரை ஒட்டியதாக இருக்கட்டும். பள்ளி நாட்களில் விளையாட்டாக உருவாக்கிய முகவரி இங்குப் பொருந்தாது. நிறுவனத்தின் அழைப்பு ஓரிரு மாதங்கள் கழித்தும் வரக்கூடும் என்பதால், தரும் கைபேசி எண்ணைப் பயன்பாட்டில் வைத்திருங்கள்.

அடுத்து இரண்டு அல்லது மூன்று வரிகளில் அறிமுகம். வளர்ந்து வரும் நிறுவனத்தில் தம் திறமைகளை வெளிப்படுத்தும் சவாலான பணியை நாடுவதாகப் பலரும் எழுதும் வரி, நிறுவனத்துக்கு உங்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. “வணிகவியல் பட்டதாரி. தணிக்கையாளர் அலுவலகத்தில் ஆறு மாதப் பயிற்சி. டாலி, எக்செல் வழி ஜிஎஸ்டி விவரத் தயாரிப்பில் பழக்கம்” என்பது போதும்.

பணி அனுபவத்தை அண்மையதில் தொடங்கிப் பின்னோக்கி எழுதுங்கள். அனுபவம் இல்லாதவர் கல்வியை முதலில் வைக்கலாம். கல்வியிலும் இறுதியாகப் பெற்ற தகுதியே முதலில் வர வேண்டும்: பட்டம், கல்லூரி, பல்கலைக்கழகம், முடித்த ஆண்டு, மதிப்பெண். மதிப்பெண் தரப்புள்ளியாக இருந்து நிறுவனம் சதவீதம் கேட்டால், உங்கள் பல்கலைக்கழகம் தரும் மாற்றுமுறையையே பின்பற்றுங்கள்.

திறன்கள் என்னும் பகுதியில் மென்பொருள்களின் பெயரை மட்டும் அடுக்காமல், அவற்றால் எதைச் செய்ய அறிவீர்கள் என்று ஒரு சொல்லேனும் சேர்த்து எழுதுங்கள். மொழிகளைப் பொறுத்தவரை பேச, படிக்க, எழுத என்று பிரித்துக் காட்டுங்கள். தமிழகத்துக்கு வெளியே வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழும் வெளியில் மராத்தியோ கன்னடமோ இந்தியோ பேசுகிறார்கள். பல மாநில வாடிக்கையாளர்களோடு பேச வேண்டிய பணிகளில் இது உண்மையான தகுதி. பலர் இதனை எழுத மறந்துவிடுகிறார்கள். களப்பணிக்கு விண்ணப்பிப்பவர் இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம் இருப்பதையும் குறிப்பிடலாம்.

குறிப்பை ஆங்கிலத்தில் எழுத நேரும்போது, நேர்காணலில் நீங்கள் பேசக்கூடிய ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் உதவியை நாடினாலும் இதே அளவுகோல் பொருந்தும். செயலி அழகாக எழுதித் தந்த வரியைப் பற்றி ஐந்து நிமிடம் உங்களால் பேச முடியாதெனில் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

அனுபவம் இல்லாதவரும் இடைவெளி உள்ளவரும்

முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் தமக்கு அனுபவமே இல்லை என்று எண்ணுகிறார்கள். கல்லூரி நாட்களில் மாலை நேரங்களில் குடும்ப மளிகைக் கடையில் அமர்ந்த மாணவியை எடுத்துக்கொள்வோம். கடையில் உதவியாக இருந்தேன் என்று எழுதத் தயங்கி, அவர் அதனை விட்டேவிடுகிறார். உண்மையில் அவர் செய்தது இது: அன்றாட இருப்பைப் பதிவேட்டில் குறித்தார், மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டிய தொகையைத் தேதி வாரியாகக் கணக்கு வைத்தார், நாள் முடிவில் யுபிஐ வரவுகளை விற்பனைக் கணக்குடன் ஒப்பிட்டார். கணக்கு உதவியாளர் பணியின் தொடக்கப் பாடங்கள் இவையே. இவற்றைத் தேதியோடும் செயலோடும் எழுதினால் அது முழுமையான அனுபவம். கல்லூரித் திட்டப்பணி, தொழிற்பயிற்சி, நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏற்ற பொறுப்பு ஆகியவற்றையும் இதே முறையில் எழுதலாம்.

குழந்தை வளர்ப்புக்காகவோ, முதியோர் பராமரிப்புக்காகவோ, உடல்நலக் குறைவாலோ பணியிலிருந்து விலகியவர்கள் அந்த ஆண்டுகளை மறைக்க முயல்வதுண்டு. தேதிகளை விட்டுவிடுவதால் இடைவெளி மறைவதில்லை, ஐயமே எழுகிறது. “2020 முதல் 2023 வரை: குடும்பப் பொறுப்பு” என்று ஒரு வரியில் நேராக எழுதுங்கள். அக்காலத்தில் ஏதேனும் படிப்பு முடித்திருந்தாலோ, பகுதி நேரமாக வேலை செய்திருந்தாலோ அடுத்த வரியில் அதனைச் சேருங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உடல்நல விவரங்களை எழுத வேண்டியதில்லை.

மனிதருக்கு முன் படிக்கும் மென்பொருள்

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பங்களை முதலில் மென்பொருளே படித்து வகைப்படுத்துகிறது. பல வண்ண வடிவமைப்பு, இரட்டைப் பத்தி, கட்டங்கள், படக்குறிகள் ஆகியவற்றை மென்பொருள் சில வேளை குழப்பிக்கொள்ளும். கைபேசியில் படமெடுத்து உருவாக்கிய கோப்பில் எழுத்துகளே இல்லாததுபோல் அதற்குத் தோன்றவும் கூடும். எனவே, எளிய எழுத்துரு, தெளிவான தலைப்புகள், ஒற்றைப் பத்தி ஆகியவை நலம். விளம்பரத்தில் வந்துள்ள சொற்களை, அவை உங்களுக்கு உண்மையில் பொருந்துமாயின், அவ்வாறே பயன்படுத்துங்கள்.

இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. பிடிஎஃப் கோப்பிலிருந்து எழுத்துகள் அனைத்தையும் நகலெடுத்து, வெற்று எழுத்துக் கோப்பு ஒன்றில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் வந்தால் மென்பொருளும் பெரும்பாலும் அவ்வாறே படிக்கும். கோப்புக்கு உங்கள் பெயரையும் விண்ணப்பிக்கும் பணியின் பெயரையும் சேர்த்துப் பெயரிடுங்கள்.

எழுதக் கூடாதவை

ஆதார் எண், நிரந்தரக் கணக்கு எண், வங்கிக் கணக்கு எண், கடவுச்சீட்டு எண் ஆகியவற்றைத் தன்விவரக் குறிப்பில் ஒருபோதும் எழுதாதீர்கள். வேலைவாய்ப்புத் தளங்களில் ஏற்றப்படும் குறிப்பு யார் யார் கையில் சேரும் என்று நமக்குத் தெரியாது. பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், முழு முகவரி, அடையாள எண் அனைத்தும் ஒரே தாளில் கிடைத்தால், உங்கள் பெயரால் மோசடி செய்ய விரும்புவோருக்கு வேலை எளிதாகிவிடும். பணி உறுதியான பின், நிறுவனம் முறைப்படி கேட்கும்போது அவற்றைத் தந்தால் போதும். மதம், சாதி, திருமண நிலை, புகைப்படம் ஆகியவையும் கேட்கப்பட்டாலொழியத் தேவையற்றவை.

குறிப்பை இணையத்தில் ஏற்றிய சில நாட்களில் முன்பின் அறியாதவரிடமிருந்து அழைப்பு வரலாம். நேர்காணல் இன்றியே வேலை உறுதி என்று சொல்லி, பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கான முன்பணம் என்று எதைக் கேட்டாலும் அது மோசடி என்றே கொள்ளுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல்லையும் யுபிஐ இரகசிய எண்ணையும் எவரிடமும் பகிராதீர்கள். பணத்தை இழக்க நேரிட்டால் தாமதிக்காமல் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக் கிளைக்கும் உடனே தெரிவியுங்கள். எவ்வளவு விரைந்து தெரிவிக்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு கூடும்.

உண்மையே காப்பு

பணியில் சேர்க்கும் முன்னரோ சேர்த்த பின்னரோ, நிறுவனங்கள் விண்ணப்பதாரரின் பின்னணியைச் சரிபார்க்கின்றன. பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகத்திடமும், பணிக் காலத்தை முந்தைய நிறுவனத்திடமும் கேட்டு அறிகின்றன. 2014இல் தொடங்கப்பட்ட யுஏஎன் என்னும் வருங்கால வைப்பு நிதிப் பொதுக் கணக்கு எண்ணின் கீழ், நீங்கள் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் நிறுவனவாரியாகப் பதிவாகியுள்ளன. ஏழு மாதப் பணியை ஓராண்டு என்று நீட்டி எழுதினால், அந்தப் பதிவே அதனைக் காட்டிக்கொடுக்கும். வேலைக்கு விண்ணப்பிப்பவர் நிறுவனத்துக்குத் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், எதையும் மறைக்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016இல் அரசுப் பணி தொடர்பான வழக்கொன்றில் வலியுறுத்தியுள்ளது. பொய்யான வரி ஒன்று, கிடைத்த வேலையைப் பல மாதங்கள் கழித்தும் பறித்துவிடக்கூடும். அவ்வேளையில் தவணை தொடங்கியிருந்தால் இழப்பு இரட்டிப்பாகும்.

ஆகவே, குறிப்பை எழுதும்போதே ஆதாரங்களையும் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ், பணி அனுபவக் கடிதங்கள், பயிற்சிச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரு கோப்புறையில் தொகுத்திடுங்கள். டிஜிலாக்கரில் கிடைப்பவற்றை அங்கேயே பெற்று வைத்திருங்கள். பரிந்துரையாளர்களாக எவரையேனும் குறிப்பிடுவதாயின், முன்கூட்டியே அவர்களின் இசைவைப் பெறுங்கள்.

அனுப்புவதற்கு முன்

குறிப்பை அச்சிட்டு, ஒருநாள் கழித்துப் புதியவர்போல் படியுங்கள். திரையில் தெரியாத எழுத்துப் பிழை தாளில் தெரியும். பின்னர், வீட்டில் ஒருவரிடம் அதனைக் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் சுட்டி “இதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்கச் சொல்லுங்கள். வணிகம் செய்து பழகிய தந்தையோ, வீட்டுக் கணக்கைப் பார்த்துவரும் தாயோ இக்கேள்வியைக் கேட்க மிகவும் தகுதியானவர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நீங்களே வரியைத் தமிழில் சொல்லலாம். விடை சொல்ல முடிந்த வரிகள் நிற்கட்டும். விடை சொல்ல முடியாதவற்றைத் திருத்துங்கள் அல்லது நீக்குங்கள்.

மின்னஞ்சலில் வெறும் இணைப்பை மட்டும் அனுப்பாமல், எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அதற்குரிய உங்கள் முதன்மைத் தகுதி எது, எப்போது சேர இயலும் என்ற மூன்றையும் நான்கைந்து வரிகளில் எழுதி அனுப்புங்கள். எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தேதியில், எந்தக் குறிப்பை அனுப்பினீர்கள் என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வரும் நாளில், அவர்கள் கையில் இருக்கும் அதே தாள் உங்கள் கையிலும் இருக்க வேண்டும்.